வேதியியல் பயிற்றும் வரிசை

பொருள்களின் இயைபையும், அவ்வியைபு மாறும் நெறிகளையும், அம்மாற்றத்தில் உட்கொள்ளப்படும் அல்லது வெளிவிடப்படும் ஆற்றலையும் அளந்தறியும் துறை வேதியியல். அளத்தல் இல்லாத இடத்தில் பொருள்களைப் பற்றிய பட்டறிவு இருக்கலாம், வேதியியல் இராது. சூளையில் கல் சுட்டவரும், துணிக்குச் சாயம் தோய்த்தவரும், மண்ணிலிருந்து இரும்பைப் பிரித்தவரும் பல நூற்றாண்டுகளாகப் பொருள்களை மாற்றியே வந்தனர். ஆயினும், கலத்தை மூடி, வினைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, புகுந்த நிறை எவ்வளவோ வெளிவந்த நிறையும் அவ்வளவே என்னும் கணக்கை எல்லா வினைகளுக்கும் பொதுநெறியாக நிறுவிய பின்னரே அக்கைத்திறன்கள் ஓர் அறிவியலின் கிளைகளாயின. பிரான்சு நாட்டு அறிஞர் இலவாசியே 1789இல் வெளியிட்ட பாடநூல் இந்நெறியின்மேல் எழுந்தது. மேலும் பிரிக்க இயலாதவை என்று அவர் அதில் வரிசைப்படுத்திய 33 எளிய பொருள்களுள் ஒளியும் வெப்பமும் இடம்பெற்றிருந்தன. பின்வந்தோர் அவற்றை நீக்கினர். பட்டியல் திருத்தப்பட்டதே அன்றி, நிறுத்தறியும் முறை கைவிடப்படவில்லை என்பதைப் பள்ளி ஆசிரியர் கருத்தில் இருத்த வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் வேதியியலுக்குள் நுழையும் மாணவர் மூன்று தளங்களில் நடக்கக் கற்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கும் கைக்கும் மூக்கிற்கும் புலனாகும் பொருள்களின் தளம் முதலாவது; அதனைப் பருநிலை எனலாம். அணு, மூலக்கூறு, அயனி ஆகியவை இயங்கும் தளம் இரண்டாவது. எந்தப் புலனுக்கும் நேரே எட்டாத அது நுண்ணிலை. குறியீடு, வாய்பாடு, சமன்பாடு ஆகியவற்றாலான எழுத்துத் தளம் மூன்றாவது, அது குறிநிலை. கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் வேதியியற் கல்வியை ஆராய்ந்த அலெக்சு சான்சுட்டன் இம்மூன்றையும் ஒரு முக்கோணத்தின் முனைகளாக அமைத்துக் காட்டினார். அறிவியல் கற்பது ஏன் கடினமாகிறது என்பதை ஆராயும் அவருடைய 1991ஆம் ஆண்டுக் கட்டுரை, இன்றும் வேதியியல் ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது. பழகிய ஆசிரியர் ஒரே தொடருக்குள் மூன்று முனைகளையும் தொட்டு மீள்கிறார். தாம் தாவியதை அவரே உணர்வதில்லை. கேட்கும் மாணவரோ மூன்றையும் ஒரே கணத்தில் மனத்தில் ஏந்த இயலாமல், எழுத்தை மட்டும் பற்றிக்கொள்கிறார்.

செம்பு என்று ஆசிரியர் சொல்லும்போது, அது மின்கம்பியில் உள்ள செந்நிற மாழையா, அம்மாழையின் ஓர் அணுவா, கரும்பலகையில் எழுதிய ஈரெழுத்துக் குறியா என்பது மாணவருக்குத் தெளிவாவதில்லை. செம்பு சிவப்பாதலால் செம்பின் அணுவும் சிவப்பென்றும், செம்பு தகடாவதால் அணுவும் தகடாகும் என்றும் அவர் இயல்பாகவே கருதிக்கொள்கிறார். இசுரேல் நாட்டு ஆய்வாளர் மூவர் 1986இல் வெளியிட்ட கட்டுரை, செம்பின் ஓர் அணு தகடாகுமா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டது. பருநிலைப் பண்புகளை நுண்ணிலையின்மேல் ஏற்றிவிடும் மாணவர் எங்கும் உளர் என்பதற்கு அது சான்று. நிறமும் தகடாகும் தன்மையும் எண்ணற்ற அணுக்கள் ஒழுங்குற அடுக்கிய கூட்டத்தின் பண்புகள். தனி அணுவுக்கு அவை இல்லை.

நம் வகுப்பறைகள் பலவற்றில் வரிசை தலைகீழாக நிற்கிறது. முதலில் குறியீடு, அடுத்து இணைதிறன், பின்னர் இணைதிறன் எண்களைக் குறுக்காக மாற்றி வாய்பாடு அமைக்கும் பயிற்சி, அதன்பின் சமன்பாட்டைச் சரிக்கட்டும் பயிற்சி என்று பாடம் செல்கிறது. பொருளைக் காணும் நாள் ஆண்டின் இறுதியில் வந்தாலும் வரலாம், வாராமலும் போகலாம். தேர்வுக்கு இவ்வரிசை எளிது, திருத்துவதற்கும் எளிது. ஆனால் தாம் கண்டிராத மாற்றத்திற்குச் சமன்பாடு எழுதும் மாணவர், எழுத்துகளை இடம் மாற்றும் ஆட்டத்தையே வேதியியல் என்று கொள்கிறார். பொருளும் நிறையும் முதலில், நுண்துகள் அடுத்து, குறியீடு இறுதியில் என்பதே இயல்பான வரிசை என்பது என் உறுதியான கருத்து. அதனைச் சுண்ணாம்பைக் கொண்டு விளக்குவேன்.

சுண்ணாம்புக்கல்லின் சிறு சில்லு ஒன்றைக் கம்பிவலையின்மேல் வைத்து, எரிவிளக்கின் நீலச் சுடரை அதன் ஒரு முனையில் நெடும்பொழுது படச் செய்தால், அம்முனை வெண்ணொளி வீசத் தொடங்கும். ஆறிய பின் அதனைப் பார்த்தால் உருவம் மாறவில்லை. மேற்பரப்பு மட்டும் சற்றுப் பொருபொருத்திருக்கும். இப்போது அதன்மேல் துளித்துளியாக நீர் விடுக. சீறும் ஒலி எழுந்து, ஆவி கிளம்பி, சில்லு வெடித்து உப்பி, வெண்மாவாக உதிரும். சுடாத கல்லின்மேல் அதே நீரை விட்டால் கல் நனைவதன்றி வேறொன்றும் நிகழாது. மாணவர் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்தே இதனைக் காண வேண்டும். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கொடுந்தீங்கு செய்யும். உதிர்ந்த மாவோடு மேலும் நீர் சேர்த்துக் கலக்கி வடிகட்டினால் தெளிந்த சுண்ணாம்பு நீர் கிடைக்கும். குழல் வழியே மூச்சை அதனுள் ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளியும், தெளிந்ததைக் கொதிக்க வைத்தால் மறுபடியும் கலங்கும். சுண்ணாம்புக் குகைகளின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் உருவாவதும் இவ்வினைகளின் வழியேதான்.

இத்தனையும் பருநிலை. இங்கே குறியீடு ஒன்றையும் எழுதாமல், நிறைகளை மட்டும் வரிசைப்படுத்த வேண்டும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிராம் முழுமையாகச் சுடப்பட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். மறைந்த 44 கிராமும் கார்பன் டை ஆக்சைடு எனப்படும் கரிவளியாகக் காற்றிற் கலந்தது. அந்த 56 கிராம் 18 கிராம் நீரை ஏற்று, 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலிருந்து 44 கிராம் கரிவளியை மெல்ல உட்கொண்டு, தான் ஏற்ற 18 கிராம் நீரை வெளிவிட்டு, மீண்டும் 100 கிராம் சுண்ணாம்புக்கல்லாக இறுகும். காளவாயில் தொடங்கிய கணக்கு சுவரில் ஒரு கிராமும் குறையாமல் முடிகிறது. வெள்ளையடித்த சுவர் நாளடைவில் கெட்டிப்படுவதை எல்லாரும் அறிவர். எந்தக் கல்லைச் சுட்டார்களோ அந்தக் கல்லாகவே அது திரும்பியிருக்கிறது என்பதை நிறைக்கணக்கு காட்டுகிறது. 56, 44, 18 என்னும் எண்களே ஏன், வேறு எண்கள் ஏன் வாரா என்று மாணவர் கேட்கும் நாளில், நுண்ணிலைக்குள் புகும் வாயில் தானே திறக்கிறது. சுண்ணகத்தின் ஓரணு 40 பங்கு, கரியத்தின் ஓரணு 12 பங்கு, உயிரகத்தின் ஓரணு 16 பங்கு என்று அப்போது சொன்னால், அவ்வெண்கள் அவர் கேட்ட வினாவுக்கு விடையாக வருகின்றன.

இவ்வெண்களை அடைவதற்கு வேதியியலாரே அரை நூற்றாண்டு இடர்ப்பட்டனர். தால்ட்டன் தம் அணுக்கொள்கையை 1808இல் நூலாக வெளியிட்டபோது, நீரின் மூலக்கூறில் நீரகத்தின் ஓரணுவும் உயிரகத்தின் ஓரணுவும் உள்ளன என்று கொண்டார். எனில், நீரகத்தை 1 என வைக்கும்போது உயிரகம் 8 ஆகும்; நீரக அணுக்கள் இரண்டு என்றால் அது 16 ஆகும். எது மெய் என்பதற்கு வழிகாட்டும் கருதுகோளை அவகாத்ரோ 1811இல் முன்வைத்தும், பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. குழப்பம் எவ்வளவு முற்றியிருந்தது என்றால், கெக்குலே 1861இல் வெளியிட்ட பாடநூலில் அசெட்டிக் காடி என்னும் ஒரே பொருளுக்குப் பத்தொன்பது வாய்பாடுகள் காட்டப்பட்டிருந்தன.

முடிச்சை அவிழ்த்தது ஒரு வகுப்பறைக் குறிப்பு. செனோவாப் பல்கலைக்கழகத்தில் பயிற்றிய கன்னிசாரோ, தம் மாணவர்க்கு அணுநிறையை எவ்வரிசையில் விளக்கினார் என்பதை 1858இல் ஒரு மடலாக எழுதினார். 1860 செப்டம்பரில் செருமனியின் கார்ல்சுரூ நகரில் வேதியியலார் கூடிய பேரவையில் அதன் படிகள் வழங்கப்பட்டன. அவர் காட்டிய வழி பள்ளி மாணவரும் பின்பற்றத் தக்கது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒத்த கொள்ளளவுடைய வளிமங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உயிரகம் எவ்வளவு உள்ளது என்று பாருங்கள். நீராவியில் 16 பங்கு. கரியத்தோடு உயிரகம் குறைவாகச் சேர்ந்த வளிமத்தில் 16 பங்கு. மிகுதியாகச் சேர்ந்த கரிவளியில் 32 பங்கு. எத்தனை சேர்மங்களைத் தேடினாலும் 16ஐவிடக் குறைந்த பங்கு தென்படுவதில்லை. தென்படுவன எல்லாம் 16இன் மடங்குகளே. ஆகவே, சேர்மத்தில் புகும் உயிரகத்தின் மிகச் சிறிய அளவு அது. அதுவே அதன் அணுவின் பங்கு.

கார்ல்சுரூப் பேரவையில் அமர்ந்திருந்த இளைஞருள் ஒருவர் மெண்டெலீவ். பின்னர்ப் பீட்டர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது, மாணவர்க்கு ஏற்ற பாடநூல் இல்லாமையைக் கண்டு தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை எந்த ஒழுங்கில் சொல்வது, ஒரு குடும்பத்தை முடித்தபின் எக்குடும்பத்திற்குச் செல்வது என்னும் நூலாசிரியரின் இடர்ப்பாட்டிலிருந்தே 1869இல் தனிம வரிசைப் பட்டியல் பிறந்தது. கற்பித்தல் என்பது ஆராய்ச்சி முடிந்தபின் அதனைக் கீழே இறக்கித் தரும் பணி என்று கருதுவோர்க்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் மறுப்பாகும். மாணவர்க்கு விளங்க வேண்டிய ஒழுங்கைத் தேடியபோதே, இயற்கையின் ஒழுங்கு இருமுறை வெளிப்பட்டது.

எனவே, பட்டியலை நிறைந்த கட்டங்களோடு சுவரில் மாட்டிக் கற்பிப்பதை நான் விரும்புவதில்லை. தனிமங்களின் பண்புகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, சில அட்டைகளை எடுத்துவிட்டு மாணவரிடம் தருதல் வேண்டும். சிலிக்கனுக்குக் கீழே வெற்றிடம் விட்ட மெண்டெலீவ், அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணுநிறை 72, அடர்த்தி 5.5 என்று 1871இல் கணித்தார். 1886இல் விங்கிளர் கண்டறிந்த செருமானியத்தின் அணுநிறை 72.3 என அளக்கப்பட்டது. அடர்த்தி ஏறத்தாழ 5.3. மேலும் கீழும் வலமும் இடமும் உள்ள அண்டைத் தனிமங்களைக் கொண்டு அவ்வெண்களை மாணவரே கணித்துவிட முடியும். ஒரு முறை அவ்வாறு கணித்தவர்க்குப் பட்டியல் மனப்பாடப் பொருளாகத் தோன்றாது.

தமிழில் இவற்றையெல்லாம் சொல்ல இயலுமா என்னும் ஐயம் காலங்கடந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றிய மருத்துவர் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. மெண்டெலீவ் முன்னுரைத்த தனிமங்களுள் முதலாவதான காலியம் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். அன்று முதல் இன்று வரை, திண்மம், நீர்மம், வளிமம் எனவும், தனிமம், சேர்மம், கலவை எனவும் வகைப்பாட்டை உடனே காட்டும் சொற்கள் பல தலைமுறை ஆசிரியர்களின் உழைப்பால் நமக்கு வாய்த்துள்ளன. அவற்றை மாணவர் வரையறையாக ஒப்பித்தல் போதாது. சமன்பாடு எழுதுமுன், எது எதனோடு வினைபுரிந்து எதுவாயிற்று, நிறத்திலும் வெப்பத்திலும் நிறையிலும் என்ன மாறிற்று என்று தம் சொந்தத் தொடர்களில் எழுத வேண்டும். அத்தொடர்களில்தான் அவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்பது ஆசிரியர்க்குத் தெரியும்.

இறுதியாகச் செய்முறை பற்றி ஒன்று. பள்ளி விளக்கின் வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் முழுமையாக மாறுவதில்லை. அதற்கு ஏறத்தாழ 900 பாகை வேண்டும். ஆதலால் மாணவர் தம் கையால் நிறுத்துப் பார்ப்பதற்கு மயில்துத்தமே ஏற்றது. நீலப் படிகம் 2.50 கிராம் எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் மெல்லச் சூடேற்றினால், நீர் ஆவியாகி நீலம் வெளுத்து, ஏறத்தாழ 1.60 கிராம் வெண்பொடி எஞ்சும். காற்றின் ஈரத்தை அது விரைந்து ஏற்குமாதலால் மூடியே ஆறவைக்க வேண்டும். வகுப்பிலுள்ள குழுக்கள் அனைத்தும் தாம் பெற்ற எண்ணைப் பலகையில் எழுதட்டும். ஒன்றையும் அழிக்க வேண்டா. சூடு போதாத கிண்ணங்களில் எண் 1.60க்கு மேல் நிற்கும். அவற்றை மறுபடியும் சூடேற்றி, நிறை மாறாமல் நிற்கும் வரை நிறுக்கச் செய்க. அளவு மீறிச் சூடான கிண்ணத்தில் பொடி கருத்து, எண் 1.60க்குக் கீழே இறங்கியிருக்கும். நீர் முழுவதும் போனபின் இன்னும் எது வெளியேறியது என்னும் வினாவை அக்குழுவினரே வகுப்பின் முன் வைக்கட்டும். அடுத்த பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.