கடலுக்கு ஒரு வாசல் வெட்டினார்கள். மீனும் வந்தது, பறவையும் வந்தது! தெரியுமா?

இந்தியாவிலேயே மிகப் பெரிய உப்பங்கழி எது தெரியுமா? ஒடிசாவின் சில்கா ஏரி! கோடையில் வற்றிச் சுருங்கும்போதே 900 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் 1,100-ஐயும் தாண்டி விரியும்.

இவ்வளவு பெரிய ஏரி ஒரு காலத்தில் மூச்சுத் திணறிக் கிடந்தது தெரியுமா? மகாநதியின் கிளையாறுகள் ஒருபக்கம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின. இன்னொரு பக்கம், கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளித் தள்ளி முகத்துவாரத்தை அடைத்தது. கடல்நீர் உள்ளே வருவது குறைந்தது. உப்பு குறையக் குறைய, ஆகாயத்தாமரையும் மற்ற நன்னீர்க் களைகளும் கண்டபடி படர்ந்தன. 1993-இல், உலக அளவில் ஆபத்திலுள்ள ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் ஒப்பந்தப் பதிவேட்டில் சில்காவின் பெயரும் ஏறிவிட்டது!

முகத்துவாரம் அடைபட்டால் இறாலுக்கு என்ன கஷ்டம் என்கிறீர்களா? கறுப்பு இறால் முட்டையிடுவது கடலில், ஆனால் குஞ்சு வளர்வது உப்பங்கழியில்! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்தப் பொடிக் குஞ்சுகள் அலையேற்றத்தோடு மிதந்து கழிக்குள் வரவேண்டும்; வளர்ந்தபின் முட்டையிட மறுபடி கடலுக்குப் போகவேண்டும். மடவைக்கும் அதே போக்குவரத்துதான். வழி அடைபட்டால் வலையில் என்ன விழும்? 1999-2000-இல் ஏரி முழுவதும் கிடைத்த மொத்தப் பாடு 1,700 டன் சொச்சம்!

அடுத்து நடந்ததுதான் அதிசயம். 2000 செப்டம்பர் 23. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடந்த மணல்திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். கடலுக்குப் போகும் வழியில் 18 கிலோமீட்டர் ஒரேயடியாகக் குறைந்தது! உப்புநீர் உள்ளே ஏறியது, களைகள் கருகின, கடற்புல் மீண்டும் தழைத்தது. 2001-02-இல் மீன், இறால், நண்டு எல்லாம் சேர்ந்து 12,000 டன்னை நெருங்கிவிட்டன! 2002-இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து சில்காவின் பெயரை எடுத்தார்கள். ஆசியாவில் முதல்முறை!

ஏரிக்கு நடுவே நலபனா என்றொரு தீவு இருக்கிறது, கேள்விப்பட்டதுண்டா? மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்து நீர் வடிய வடியத் தலைகாட்டும், அதுவும் சரியாக வலசைப் பறவைகள் வந்திறங்கும் நேரத்தில்! சைபீரியாவிலிருந்து ஊசிவால் வாத்து வரும். நம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து, இமயத்தையே தாண்டி இங்கும் வந்து இறங்கும். மீன்குஞ்சு ஒளிந்து வளரும் அதே ஆழமற்ற நீர்தான் இவற்றுக்கு மேய்ச்சல் நிலம். அண்மைக் கணக்கெடுப்புகளில் 11 லட்சம் பறவைகளுக்கும் மேல்!

வடகரையில் மங்களாஜோடி என்ற ஊர். மோட்டார் இல்லாத படகில், மூங்கில் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டே போனால் கருவால் மூக்கனைக் கைக்கெட்டும் தூரம்போல் அவ்வளவு அருகில் பார்க்கலாம். நீண்ட அலகைச் சேற்றில் அடிவரை இறக்கும். அந்த அலகின் நுனி மட்டும் தனியே திறக்கும் தெரியுமா? சேற்றுக்குள்ளேயே புழுவைத் தொட்டுணர்ந்து கவ்விவிடும்! ஒரு காலத்தில் இதே ஊர்க்காரர்கள் விஷம் வைத்தும் வலை விரித்தும் பறவைகளைக் கொன்று விற்றவர்கள். இன்று அவர்களே காவலர்கள், அவர்களே வழிகாட்டிகள். வாசல் வெட்டியதைவிட இதுதான் பெரிய சாதனை என்பேன் நான்.

சில்காவைக் காத்ததில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு தெரியுமா? காந்தியவாதி ஜெகந்நாதன்! கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சில்கா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது!

முகத்துவாரம் ஒருமுறை வெட்டினால் தீர்ந்துவிடாது. மணல் நகர்ந்துகொண்டே இருக்கும், கண்காணித்துக்கொண்டே இருக்கவேண்டும். பழவேற்காட்டு மீனவர்கள் நிலையான முகத்துவாரம் வேண்டுமென்று பல்லாண்டுகளாகக் கேட்டுவந்ததும் இதனால்தான்.

சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் போகிறீர்களா? பகலில் சில்காவைக் கடக்கும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். பிரம்மபூர் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரம்பாவிலிருந்து தண்டவாளம் ஏரிக்கரையை ஒட்டியே ஓடும்!