முதல் பவுன்சர் மெதுவாக; அடுத்தது மின்னலாக!

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி கடைவீதியில் கிடங்குகள் சாத்தியிருக்கும். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானம் நடந்து போகும் தூரம்தான். மைதானமானாலும் சரி, சந்தானாலும் சரி, கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு வேகமாகப் பந்து வீசுவதில்தான் ஆசை. ஆனால் வேகம் மட்டும் விக்கெட் தராது. ஏமாற்றவும் தெரிய வேண்டும்.

அந்த வித்தையில் மன்னர் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ். 1975 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் பந்தயத்தை மறக்க முடியுமா? முதல் இன்னிங்சில் 64 ரன் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார் ராபர்ட்ஸ். இந்தியா எடுத்த 190 ரன்னில், ஆட்டமிழக்காத விஸ்வநாத்தின் பங்கு மட்டும் 97. முடிவில் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது.

ராபர்ட்சிடம் இரண்டு வகை பவுன்சர் உண்டு. முதலாவது சற்று மெதுவாக வரும். பேட்ஸ்மேன் அதை எளிதாக அடித்துவிட்டு, 'இவ்வளவுதானா?' என்று நினைப்பார். பிறகு அதே ஓட்டம், அதே கைவீச்சு; ஆனால் பந்து மின்னலாய் முகத்துக்கு வரும். மட்டை திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அரை நொடிக் கணக்கு

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் அரை நொடியில் பேட்ஸ்மேனை அடைகிறது. பந்தைக் கடைசிவரை பார்த்து முடிவெடுக்க நேரமில்லை. முந்தைய பந்துகளின் நினைவை வைத்தே கண் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைக் கெடுப்பதுதான் பந்து வீச்சாளரின் வேலை.

பவுன்சருக்குப் பயந்து பின்காலில் நிற்பவருக்கு அடுத்து காலடியில் யார்க்கர் விழும். டெஸ்டில் ஓர் ஓவருக்கு இரண்டு பவுன்சர்தான் அனுமதி. கெட்டிக்கார வீச்சாளர் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருப்பார். இரண்டையும் வீசிவிட்டால் பேட்ஸ்மேன் தைரியமாக முன்காலில் வந்து ஆடுவார் அல்லவா?

அமெரிக்கரின் பேஸ்பாலிலும் இதே கதைதான். அங்கே பந்து தரையில் குத்தி எழுவதில்லை. விரல் நுனியால் பின்னோக்கிச் சுழற்றி வீசுவதால், வழக்கமாகத் தாழ வேண்டிய அளவு அது தாழ்வதில்லை. பந்து மேலே ஏறிவிட்டதாகவே அடிப்பவரின் கண்ணுக்குத் தோன்றும். மட்டை பந்துக்குக் கீழே வெறுங்காற்றை அடிக்கும்.

கோதமங்கலத்துப் பந்து

கொச்சிக்காரர்கள் இன்றும் பெருமையோடு பேசும் பந்து ஒன்று உண்டு. 2010 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீசப்பட்டது அது. வீசியவர் எர்ணாகுளம் மாவட்டம் கோதமங்கலத்தில் பிறந்த ஸ்ரீசாந்த். எதிரே நின்றவர் ஜாக் காலிஸ். வெற்றிக்கு 303 ரன் தேவை. காலிஸ் நின்றுவிட்டால் இந்தியாவுக்கு ஆபத்து. திடீரென்று எகிறிய பந்துக்குக் காலிஸ் துள்ளி, உடம்பை வில்லாய் வளைத்தும் தப்பவில்லை. கையுறையில் பட்ட பந்து சேவாகின் கைக்குப் போயிற்று. காலிஸ் 17 ரன்னில் வெளியேறினார். இந்தியா 87 ரன் வித்தியாசத்தில் வென்றது.

ஆனால் இந்த ஆயுதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ், தலைக்கவசம் அணிந்திருந்தும், பவுன்சர் கழுத்தில் பட்டு இரண்டு நாளில் உயிரிழந்தார். வயது 25.

டென்னிஸ் பந்தில் பையன்கள் எந்தத் தந்திரத்தையும் பழகிப் பார்க்கட்டும். தோல் பந்தைக் கையில் எடுத்தால், எதிரே நிற்பவன் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். ஏமாற வேண்டியது பேட்ஸ்மேனின் கண்தான். உடையக் கூடாதது அவன் தலை.