ஷெல்டர் நாயைத் தத்தெடுக்கப் போறீங்களா? முதல் 3 மாச பட்ஜெட் இதுதான்!

போன வாரம் லைவ்ல என் காலடியில ஒரு பழுப்பு வால் அடிக்கடி எட்டிப் பார்த்துச்சு. "அண்ணா, அது யாரு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அவன் பேரு மணி. ஃபைனான்ஸ் சேனல் நடத்துறவன் நாய்க்கு வேற என்ன பேரு வைப்பான்! சென்னையில ஒரு ஷெல்டர்லேர்ந்து வந்த நாட்டு நாய், வயசு சுமார் 2.

அதே லைவ்ல ஒரு தம்பி, "சம்பளம் 38,000, தனியா இருக்கேன், நானும் ஒரு நாய் எடுக்கலாமா?"ன்னு கேட்டார். லைவ்ல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ற கேள்வி இல்ல அது. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்லேயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மணி வீட்டுக்கு வந்த ஆறாவது நாள் ராத்திரி, அவனைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு ஷெல்டருக்கு மெசேஜ் டைப் பண்ணிட்டேன். அனுப்புற பட்டன் மட்டும்தான் பாக்கி.

ஆறாவது நாள் என்ன நடந்தது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு வந்தேன். வந்த உடனே கட்டிலுக்கு அடியில போனவன் வெளியவே வரல. சாப்பிடல. குக்கர் விசில் அடிச்சா நடுங்கினான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேர் பார்க்க வந்தாங்க. நானும் சேனலுக்காக வீடியோ எடுத்தேன். அவன் கொட்டாவி விட்டான், உதட்டை நக்கினான், முகத்தைத் திருப்பிக்கிட்டான். நாங்க எல்லாரும் "ச்சோ க்யூட்"னு சிரிச்சோம்.

அந்த வீடியோவை நான் போடவே இல்ல. ஏன்னா தூக்கம் வராதப்ப கொட்டாவி, சும்மா சும்மா உதட்டை நக்குறது, வாலை உள்ள சுருட்டிக்கிறது, கண்ணோட வெள்ளை தெரிய ஓரமா பார்க்கிறது, இதெல்லாம் நாய் பயத்துல இருக்குங்கிறதுக்கான அடையாளம்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அவன் "போதும், விடுங்க"ன்னு சொல்லிட்டிருந்தான், நாங்க செல்ஃபி எடுத்துட்டிருந்தோம்.

திங்கள், செவ்வாய் லீவு போட்டேன். ஊர்லேர்ந்து அம்மா போன்ல, "ஏண்டா, நாய்க்கா லீவு?"ன்னு கேட்டாங்க. புதன்கிழமை ஆபீஸ். சாயங்காலம் வந்து பார்த்தா, வாசல் கதவோட உள்பக்கம் முழுக்க நகக்கீறல். ஹால்ல சிறுநீர். அவன் நகத்துல ரத்தம். பக்கத்து ஃப்ளாட் அக்கா, "தம்பி, ரெண்டு மணி நேரம் அழுதுட்டே இருந்துச்சு"ன்னாங்க. கதவு ஹவுஸ் ஓனரோடது. என் அட்வான்ஸ் அவர்கிட்ட இருக்கு. மெசேஜ் டைப் பண்ணது அன்னிக்குதான்.

அனுப்புறதுக்கு முன்னாடி, ஷெல்டர்ல எனக்குப் பழக்கமான தன்னார்வலருக்கு ஒரு போன் போட்டேன். அவங்க திட்டல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "நீங்க கிளம்பும்போது சாவியை எடுத்தா அவன் என்ன பண்றான்?" நான் கவனிச்சதே இல்ல. மறுநாள் காலையில சாவியை எடுத்தேன். அந்தச் சத்தத்துக்கே மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டான்.

கதவைக் கீறினது சேட்டை இல்ல. நான் போனா திரும்பி வர மாட்டேன்னு அவன் நினைச்சிருக்கான். அதுவரைக்கும் அவன் வாழ்க்கையில போனவங்க யாரும் திரும்பி வந்திருக்க மாட்டாங்க போல.

3 நாள், 3 வாரம், 3 மாசம்

தத்து கொடுக்கிறவங்க பரவலா சொல்ற ஒரு கணக்கு இது. முதல் 3 நாள் பயம், குழப்பம். 3 வாரத்துல வீட்டோட நேரம், பழக்கம் புரிய ஆரம்பிக்கும். 3 மாசத்துல "இது என் வீடு"ங்கிற எண்ணம் வரும். இது ரூல் இல்ல, சராசரியா ஒரு எதிர்பார்ப்பு. ரொம்ப அடிபட்ட நாய்க்கு இன்னும் நாளாகும்.

எஸ்ஐபி போட்ட மூணாவது நாளே போர்ட்ஃபோலியோவைத் திறந்து பார்த்துட்டு "லாபமே வரல"ன்னு நிறுத்துறவங்களை நாம கிண்டல் பண்றோம் இல்லையா? ஆறாவது நாள் நான் பண்ணப் பார்த்தது அதேதான்.

முதல் 3 நாள்: ஒண்ணும் பண்ணாதீங்க

ஒரு அமைதியான மூலை, ஒரு படுக்கை, தண்ணி. அந்த மூலையில அவனை யாரும் தொடக்கூடாது. விருந்தாளி வேண்டாம். வந்த அன்னிக்கே குளிப்பாட்ட வேண்டாம். கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுக்கவே கூடாது. நீங்க தரையில கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டா உட்கார்ந்து உங்க வேலையைப் பாருங்க. பக்கத்துல ஒரு துண்டு வேகவச்ச சிக்கனைப் போடுங்க. அவனா வரட்டும்.

ஷெல்டர்ல என்ன சாப்பாடு கொடுத்தாங்களோ அதையே முதல் வாரம் கொடுங்க. மாத்தணும்னா ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, இல்லைன்னா வயிறு கெட்டுடும். வெங்காயம், திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. ஒரு நாளைக்கு மேல எதுவுமே சாப்பிடலைன்னா, தண்ணியும் குடிக்கலைன்னா, டாக்டர்கிட்ட போயிடுங்க.

வெளிய போகும்போது கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீங்க. பயந்த நாய் பின்னாடி இழுத்தா பட்டை தலை வழியா கழன்டு வந்துடும். சரியா பொருந்துற ஹார்னஸ் வேணும், அதுல உங்க போன் நம்பர் எழுதின டேக் வேணும். புதுசா வந்த நாய் தொலைஞ்சு போறது பெரும்பாலும் இந்த முதல் நாட்கள்லதான்.

தனியா இருக்கப் பழக்குறது எப்படி?

மணிக்கு நான் பண்ணது இதுதான்.

சாவியை எடுப்பேன், திரும்ப சோபாவுல உட்கார்ந்துடுவேன். ஷூ போடுவேன், கழட்டிடுவேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை. நாலைஞ்சு நாள்ல சாவிச் சத்தத்துக்கு அவன் தலையைக்கூட தூக்கல.

அப்புறம் கதவு. வெளிய போய் 5 செகண்ட்ல உள்ள வந்துடுவேன். அப்புறம் 10, 30, ஒரு நிமிஷம், மூணு நிமிஷம். அவன் அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திரும்பி வரணும், அதான் சூட்சுமம். அழுதுட்டா நேரத்தைக் கூட்டிட்டோம்னு அர்த்தம். அடுத்த தடவை குறைச்சுக்கணும். கேமரா வாங்கணும்னு அவசியம் இல்ல. டிராயர்ல கிடந்த பழைய போன்லேர்ந்து என் போனுக்கு வீடியோ கால் போட்டு, மாடிப்படியில உட்கார்ந்து பார்த்தேன். செலவு பூஜ்யம்.

குக்கர், மிக்ஸி சத்தத்துக்கும் இதே வழிதான். சத்தம் தூரத்துல, சின்னதா வரும்போது சிக்கன். சத்தம் நின்னா சிக்கனும் நின்னுடும். கொஞ்ச நாள்ல மிக்ஸி ஓடினா வாலாட்ட ஆரம்பிச்சுட்டான்.

அடிக்கிறது, திட்டுறது, அசிங்கம் பண்ண இடத்துல மூக்கை வச்சுத் தேய்க்கிறது, இதெல்லாம் பயத்தைக் கூட்டும், வேற எதுக்கும் உதவாது. உறுமினாலும் திட்டாதீங்க. உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடக்கிட்டா அடுத்தது நேரா கடிதான். ஒருவேளை கடி பட்டுட்டா, தடுப்பூசி போட்ட நாயா இருந்தாலும், சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகள்ல இலவசம்.

இவ்வளவு பண்ணியும் தன்னையே காயப்படுத்திக்கிற அளவுக்குப் பயம் இருந்தா கால்நடை மருத்துவர்கிட்ட பேசுங்க. இந்தப் பதற்றத்துக்குன்னே மருந்து இருக்கு. ஆனா நம்ம வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துடாதீங்க. நமக்குச் சாதாரணமான சில வலி மாத்திரை நாயோட உயிரையே எடுத்துடும்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஷெல்டர்ல என்கிட்ட ஒரு ரூபாய்கூட வாங்கல. "ஃப்ரீயா கிடைச்சது"ன்னுதான் நானும் நினைச்சேன். என் நோட்டுல முதல் 3 மாசத்துக்கு எழுதி வச்சிருக்கிறது இது:

- டாக்டர் செக்கப், ரத்தப் பரிசோதனை: ₹2,300
- தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து: ₹2,600
- ஹார்னஸ், லீஷ், டேக்: ₹1,700
- படுக்கை, கிண்ணம்: ₹1,400
- சமையலறைக்குத் தடுப்புக் கதவு: ₹3,000
- மாசச் செலவு (சாப்பாடு 3,000 + மருந்து 600 + மருத்துவ நிதி 1,500 = 5,100) × 3: ₹15,300
- டிரெய்னர்: ₹6,000
- ஆபீஸ் நாள்ல கூட இருக்க ஆள், 24 நாள் × 300: ₹7,200
- மூணாவது மாசம், மதியம் மட்டும் வந்து பார்க்க: ₹1,500
- ஓனர் கதவைச் சரிபண்ண ஆசாரிக்கு: ₹4,500

மொத்தம் ₹45,500. இது என் கணக்கு, உங்க ஊர்ல கூடக் குறைய வரலாம். கூட இருந்த ஆள் யாருன்னு கேட்கிறீங்களா? கீழ் வீட்டுல டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சிட்டிருந்த தம்பிதான். எங்க வீட்டுல ஃபேன் போட்டு உட்கார்ந்து படிச்சார். அவருக்கும் அமைதி, மணிக்கும் துணை. அந்த 7,200 ரூபாயை மிச்சம் பிடிச்சிருந்தா, ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் திரும்ப அதே பயத்துல உட்கார்ந்திருப்பான், நான் காலையில பழக்கினது எல்லாம் சாயங்காலம் வீணாயிருக்கும்.

இனிமே மாசம் ₹6,600, அதாவது வருஷத்துக்கு ₹79,200. நாட்டு நாய் நல்லா கவனிச்சா 12 வருஷத்துக்கு மேலயும் இருக்கும். 10 வருஷத்துக்குப் போட்டாலே, விலைவாசி ஏத்தத்தைச் சேர்க்காம கிட்டத்தட்ட 8 லட்சம்.

அப்போ யார் எடுக்கலாம்?

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்.

ஒண்ணு, உங்க 6 மாச எமர்ஜென்சி ஃபண்ட் தனி, நாய்க்கு 50,000 தனி. முதல்ல அதை ஆர்டி போட்டுச் சேருங்க. மாசம் 5,000 போட்டா 10 மாசம். இதுல ஒரு லாபம் இருக்கு: மாசம் 5,000 ஒதுக்கி வாழ முடியுதான்னு நாய் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். முடியலைன்னா நஷ்டம் யாருக்கும் இல்ல.

ரெண்டு, ஹவுஸ் ஓனர் சம்மதத்தை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. செல்லப் பிராணி வளர்க்கவே கூடாதுன்னு குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஆனா உங்க வாடகை ஒப்பந்தத்துல என்ன கையெழுத்து போட்டிருக்கீங்கங்கிறது வேற விஷயம், அதைப் படிங்க. சென்னைன்னா மாநகராட்சி லைசென்ஸும் வேணும். அதுக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழைப் பத்திரமா வச்சிருங்க.

மூணு, நாய்க்கான இன்ஷூரன்ஸ் இருக்கு, ஆனா ஏற்கனவே இருக்கிற நோய், காத்திருப்புக் காலம் ரெண்டையும் பார்த்துட்டு வாங்குங்க. அந்த பிரீமியத்துக்கு 80டி கிடைக்காது.

நாலு, அடுத்த 6 மாசத்துல ஆன்சைட், வேலை மாற்றம், கல்யாணம்னு எதாவது இருந்தா தள்ளிப் போடுங்க. தீபாவளிக்கு முந்தின வாரம் கண்டிப்பா வேண்டாம்.

இது எதுவும் சரியா வரலைன்னா தப்பே இல்ல. வார இறுதியில ஷெல்டருக்குப் போய் நாயை நடக்கக் கூட்டிட்டுப் போங்க, இல்ல சில வாரம் தற்காலிகமா வச்சுப் பாருங்க. எடுத்த பிறகு உண்மையிலேயே முடியலைன்னா ஷெல்டர்லயே நேர்மையா திருப்பி ஒப்படைங்க. தெருவுல மட்டும் விட்டுடாதீங்க.

மணி இப்போ 4 மணி நேரம் தனியா இருக்கான். பத்தாவது வாரம்தான் அது முடிஞ்சது. இடியிடிச்சா இன்னமும் கட்டிலுக்கு அடியிலதான். ஆனா நேத்து காலையில நான் சாவியை எடுத்தப்போ, ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டு திரும்பத் தூங்கிட்டான். எனக்கு இன்க்ரிமென்ட் லெட்டர் வந்தப்பகூட இவ்வளவு சந்தோஷம் இல்ல நண்பர்களே.

உங்க வீட்டுல ஷெல்டர் நாய் இருந்தா, உங்க முதல் மாசச் செலவு எவ்வளவுன்னு எழுதுங்க, அடுத்தவங்களுக்கு உதவும். மறுபடியும் சந்திப்போம்!