டாக்டர் சொன்னதும் நாம் சொல்லாமல் விட்டதும்



நமது அறக்கட்டளை அலுவலகத்தில் ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு மருத்துவ உதவி மனுக்களை வாங்குகிறோம். ஆஸ்பத்திரி பில், ரிப்போர்ட், ஜமாஅத் கடிதம் இவை இருந்தால் மனு பூர்த்தி. ஆனால் வருகிறவர்கள் பில்லைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால், டாக்டரைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறார்கள். "தங்கமான டாக்டர், தோளில் கைவைத்துப் பேசினார்" என்று சிலர். "முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை" என்று பலர். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புரிந்த சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

சென்ற வருடத்திற்கு முந்தைய ரமலானில், நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் லுஹர் தொழுகைக்கு ஒளு செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோயாளி. பிள்ளைகள் 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சர்க்கரை 46 என்று காட்டியது. விசாரித்தால், ரமலானுக்கு முன்பே தான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நோன்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சீட்டு எழுதிக்கொண்டே அவர், "நோன்பெல்லாம் உங்களுக்கு வேண்டாம்" என்றிருக்கிறார். ஏன் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'நம்ம அமல் அவருக்கு எங்கே தெரியும்' என்று நினைத்துக்கொண்டு வந்தவர், காலையில் போடும் மாத்திரையை அப்படியே சஹரில் போட்டுக்கொண்டு நோன்பு வைத்துவிட்டார்.

அவர் சாப்பிட்டது கிளிமிப்ரைடு வகை மாத்திரை. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. வயிறு காலியாக இருக்கும்போது அது தொடர்ந்து வேலை செய்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். இன்சுலின் ஊசிக்கும் இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது மிகக் குறைவு. ஆக, எல்லாச் சர்க்கரை நோயாளிக்கும் ஒரே பதில் கிடையாது. எந்த மாத்திரை, எத்தனை வருட நோய், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அரசு மருத்துவமனையில் அன்று பணியில் இருந்தவர் இளம்வயதுப் பெண் டாக்டர், மாற்று மதச் சகோதரி. கண் விழித்ததும் பெரியவரைத் திட்டவில்லை. "சஹர் எத்தனை மணிக்கு முடியும், எத்தனை மணிக்கு நோன்பு திறப்பீங்க, இடையில் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டாராம். பிறகு ரத்தப் பரிசோதனையைக் காட்டி, கிரியேட்டினின் கூடியிருக்கிறது, தண்ணீர் இல்லாமல் இவ்வளவு நேரம் இருந்தால் சிறுநீரகம் தாங்காது, அதனால் வேண்டாம் என்கிறேன் என்று விளக்கியிருக்கிறார். இருவர் சொன்னதும் ஒரே பதில்தான். ஆனால் இரண்டாவது முறை பெரியவர் ஏற்றுக்கொண்டார். பள்ளி இமாமிடம் கேட்டு ஃபித்யா கொடுத்தார். தீராத நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைச் சொல்லிப் புரியவைக்க எங்களாலும் முன்பே முடிந்திருக்கும். நாங்கள் கேட்கவே இல்லை.

நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித் தருவார், நாமாக மாற்றக் கூடாது. நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு.

பெண்களின் விஷயம் வேறு மாதிரி. மார்பில் கட்டி என்று தெரிந்தும் எட்டு மாதம் வீட்டிலேயே இருந்த ஒரு சகோதரி சொன்ன காரணம், முதலில் போன இடத்தில் நடந்தது. ஒரு வார்த்தை கேட்காமல், மாணவர்கள் சூழ நிற்க, பரிசோதித்திருக்கிறார்கள். பிறகு அவரை வற்புறுத்தி வேறொரு அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவரும் ஆண்தான். நர்ஸை உள்ளே கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, "பார்க்கலாமாம்மா?" என்று அனுமதி கேட்டு, தேவையான இடத்தை மட்டும் பார்த்தார். பெண் டாக்டர் கிடைக்காதபோது தேவைக்கு ஆண் டாக்டரிடம் காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு. அதேபோல, ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. மொத்தம் 17 உரிமைகள். "ஒரு சிஸ்டரைக் கூப்பிடுங்க டாக்டர்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அதே சாசனத்தில் உள்ள இன்னொன்று, இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை. இதில் எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். முப்பத்துநான்கு வயதுச் சகோதரி ஒருவருக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். பில் மதிப்பீட்டைப் பார்த்து நாங்களும் பணம் ஒதுக்கினோம். ஆபரேஷன் முடிந்தபின் அந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்த வேறொரு டாக்டர், முதலில் மாத்திரையில் முயன்றிருக்கலாமே என்றார். அந்தச் சகோதரிக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? அதிலிருந்து, அவசரமில்லாத ஆபரேஷனுக்கு இன்னொரு டாக்டரின் கருத்து இல்லாமல் நாங்கள் பணம் தருவதில்லை. சிலருக்கு இதில் வருத்தம். இருக்கட்டும்.

இரண்டாவது கருத்துக் கேட்கக் கையில் ரிப்போர்ட் வேண்டும். உள்நோயாளியாக இருந்தவரின் மருத்துவ ஆவணங்களை, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. மருந்தை அங்கேயேதான் வாங்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்த முடியாது.

டாக்டர்கள் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அரசு மருத்துவமனையில் புறநோயாளி வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த நேரத்தில் நாம் பழைய சீட்டைக் கொண்டுபோகாமல், "ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுறேன்" என்றால் அவர் என்ன செய்வார்? நாட்டு மருந்து சாப்பிடுவதை மறைக்கிறோம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதை மறைக்கிறோம்.

உண்மையிலேயே அலட்சியம் நடந்திருந்தால் வழி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுத்தில் புகார் செய்யலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தால், 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது ஜாமீனில் வர முடியாத குற்றம். நியாயம் நம் பக்கம் இருந்தும் பிள்ளைகள் சிறைக்குப் போவார்கள்.

படிக்கத் தெரியாதவர்கள், தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், வயதானவர்கள் ஆகியோருடன் மருத்துவமனைக்கு வர நமது அறக்கட்டளையில் ஆண்கள், பெண்கள் இரு தரப்பிலும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். முந்தைய நாள் மஃக்ரிபுக்குள் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகள் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பை இல்லாதவர்களுக்கு அலுவலகத்திலேயே இருக்கிறது.