பழைய வீட்டின் மாடியை நாமே புதுப்பிக்கலாமா? தளம் தாங்கும் எடையே முதல் கேள்வி

கொல்கத்தா: வடக்கு கொல்கத்தாவின் நூற்றாண்டு கண்ட மாடி வீடுகளில் வசிப்போர் பலர், செலவைக் கருதி மேல்தள அறைகளைத் தாமே சீரமைக்க முற்படுகின்றனர். பூச்சு, வண்ணம், சன்னல் பழுது ஆகியவற்றை ஓரளவு பழகியவர்களே செய்துகொள்ளலாம். ஆனால் தரையையும் சுவரையும் மாற்றுவது வேறு விஷயம்.

இவ்வீடுகள் பலவற்றில் மாடியைத் தாங்குவது கான்கிரீட் அல்ல. சுவருக்குச் சுவர் மர அல்லது இரும்பு உத்திரங்கள், அவற்றின் குறுக்கே சிறு சட்டங்கள், அவற்றின் மேல் செங்கல் ஓடுகள், அதற்கும் மேலே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடித்து இறுக்கிய தளம். வங்காளத்தில் இதற்குக் 'கோரி-போர்கா' என்று பெயர். சென்னையின் பழைய 'மெட்ராஸ் டெர்ரஸ்' தளமும் ஏறத்தாழ இதே வகைதான்.

இதில் பலவீனமான இடம் உத்திரத்தின் நடுப்பகுதி மட்டுமல்ல. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையும்தான். மழைநீர் ஊறும் சுவரில் மரம் உளுத்துவிடும், கரையானும் ஏறும். இரும்பு துருப்பிடித்து உப்பி, சுற்றியுள்ள காரையைப் பிளக்கும். எனவே மாடி வேலையைத் தொடங்கும் முன் கீழ்த்தள அறைக்குச் சென்று மேற்கூரையைப் பார்க்க வேண்டும். உத்திரத்தை ஒட்டிய விரிசல், துருக்கறை, தளர்ந்த தொய்வு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், கட்டமைப்புப் பொறியாளர் பார்வையிடும் வரை மேலே எந்த எடையும் ஏற்றக் கூடாது.

எடை எவ்வளவு என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகின்றனர். குடியிருப்பு அறைகளில் ஆட்கள், பொருட்கள் ஆகியவற்றுக்காக இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடச் சொல்லும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. பழைய தரையைப் பெயர்க்காமல், 5 செ.மீ. சிமெண்ட் கலவை பரப்பி டைல்ஸ் ஒட்டினால், அதிலேயே சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ கூடிவிடும். 10-க்கு 12 அடி அறையில் இது 1.3 டன். அறையைப் பிரிக்க 10 அடி நீளம், 10 அடி உயரத்தில் நான்கரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் 2 டன்னைத் தாண்டும். அதே இடத்தில் ஜிப்சம் பலகைத் தடுப்பு கால் டன் அளவிலேயே முடியும். இரண்டு அறைகளை ஒன்றாக்க நடுச்சுவரை இடிப்பது இன்னும் ஆபத்தானது. அச்சுவர் மீதுதான் மேற்கூரையின் உத்திரங்கள் அமர்ந்திருக்கக்கூடும்.

சுண்ணாம்புச் சுவரில் பெயர்ந்த பூச்சைச் சுண்ணாம்புக் கலவையாலேயே அடைப்பது நல்லது. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில பருவமழைகளில் பூச்சு உப்பிப் பெயரும்.

பச்சை வண்ணப் பலகணிக் கதவுகளைத் தேய்ப்பதிலும் கவனம் தேவை. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.-க்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காமல், நனைத்துத் தேய்க்க வேண்டும். துகள்களைத் தடுக்கும் முகக்கவசம் அவசியம். பணி முடிந்து தூசி துடைக்கப்படும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அப்பகுதிக்குள் வரலாகாது.

இடிபாடுகளையும் மணலையும் அறையின் நடுவே குவிப்பது பரவலான பழக்கம். ஒரு கன மீட்டர் மணல் சுமார் 1.6 டன் எடையுள்ளது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் மேலே கொண்டு சென்று, இடிபாடுகளை மாலைக்குள் கீழே இறக்கிவிட வேண்டும்.