கல்லூரியில் செஞ்சுருள் சங்கம்

பொம்மசந்திராவில் ஆலைகள் பல. ஊரை விட்டு வந்து இங்கே உழைப்பவர்கள் பலர். அவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்.

பல கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் உண்டு. எய்ட்ஸ் பற்றிய உண்மைகளை மக்களுக்குச் சொல்வதும் இரத்ததானத்தை ஊக்குவிப்பதும் இதன் வேலை. மாணவர்களே உறுப்பினர்கள்.

"எய்ட்ஸ் சங்கமா? ஊர் என்ன பேசும்?" என்று பெற்றோர் தயங்கலாம். தயக்கம் வேண்டாம். தொடுவதால் எச்.ஐ.வி. பரவாது. சேர்ந்து சாப்பிட்டாலும் பரவாது. அரசு மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம்.

2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. தொற்று உள்ளவரை வேலையில் ஒதுக்கவும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097-க்குப் பேசலாம். கட்டணம் இல்லை.

இவற்றை அறியாமல், பயந்து ஒளிபவர் உயிரையே இழக்கலாம். மகள் சங்கத்தில் சேரக் கேட்டால், சேரச் சொல்லுங்கள். அவள் கற்றதை நீங்களும் கேளுங்கள்.