விழித்திரையைக் காக்கும் டோரின்

வெளிச்சம் இல்லாவிட்டால் கண்ணுக்குப் பார்வை இல்லை. ஆயினும் அதே வெளிச்சந்தான் கண்ணின் உட்கலங்களை நாளாந்தம் தேய்த்தும் வருகிறது. விடிந்தது முதல் பொழுதுபடும் வரை வெயிலில் நிற்கும் கமக்காரக் குடும்பங்கள் இதனைச் சற்று விளங்கி வைத்திருப்பது நல்லது.

கண்ணின் பின்சுவரில் கடதாசிபோல் மெல்லியதாகப் படிந்திருப்பது விழித்திரை. அதில் ஏறக்குறைய 12 கோடி கோல்கலங்களும் 60 இலட்சம் கூம்புக்கலங்களும் உள்ளன. மங்கிய ஒளியில் பார்ப்பதற்குக் கோல்கள்; பகல் வெளிச்சத்துக்கும் நிறங்களுக்கும் கூம்புகள். ஒவ்வொரு கலத்தின் நுனியிலும் கொழுப்பு நிறைந்த மென்சவ்வுகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கொழுப்பு, ஒட்சிசன், வெளிச்சம் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும்? போத்தலில் வெயில்பட்ட எண்ணெய் காறிப்போவதை நாம் அறிவோம். விழித்திரையிலும் அதனை ஒத்த கேடு ஓயாமல் நிகழ்கிறது. ஆகவேதான் இக்கலங்கள், பழைய கிடுகை இறக்கிப் புதுக் கிடுகு வேய்வதைப் போல, ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை அந்த அடுக்கு முழுவதையும் புதுப்பித்துக் கொள்கின்றன.

இந்த வேலையில் கலத்துக்குத் துணை நிற்பது டோரின் என்னும் அமினோ அமிலம். 1827இல் ஜேர்மன் விஞ்ஞானிகளான டீடமானும் கிமெலினும் எருதின் பித்தநீரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இலத்தீனில் எருதுக்குரிய சொல்லே இதன் பெயராயிற்று. மற்றைய அமினோ அமிலங்களைப் போல இது புரதத்தைக் கட்டுவதில்லை. கலத்துக்குள் தனியே கரைந்து நிற்கும். விழித்திரையில், அதிலும் ஒளியை வாங்கும் கலங்களில், மிகச் செறிவாக உண்டு. ஒட்சிசனால் வரும் கேட்டைத் தணிப்பதும், கலத்தினுள் நீரையும் கல்சியத்தையும் அளவோடு வைத்திருப்பதும் இதன் பணிகள்.

இதன் அருமையைக் காட்டித் தந்தவை பூனைகள். பூனையின் உடல் டோரினை மிகச் சொற்பமாகவே ஆக்கும். இறைச்சியிலும் மீனிலுமிருந்தே அதனைப் பெறவேண்டும். பாற்புரதத்தை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் ஒளிவாங்கும் கலங்கள் அழிந்து போவதையும், அதற்குக் காரணம் டோரின் குறைவே என்பதையும் 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

வெளிச்சத்துக்கும் டோரினுக்கும் உள்ள தொடர்பு 2009இல் பிரான்சில் நடந்த ஆய்வொன்றில் மேலும் தெளிவாயிற்று. விகபற்றின் என்பது வலிப்பு நோய்க்கான மருந்து. அதனை நெடுநாள் பாவிக்கும் சிலருக்குப் பக்கப்பார்வை குறைவதுண்டு. அம்மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் இரத்தத்தில் டோரின் குறைந்திருந்தது. வெளிச்சத்தில் இருந்தவற்றின் விழித்திரை கெட்டது. இருட்டில் வைக்கப்பட்டவை தப்பின. டோரின் சேர்த்துக் கொடுத்தபோது வெளிச்சத்தில் இருந்தவற்றிலும் பாதிப்புக் குறைந்தது. (இதை வாசித்துவிட்டு எவரும் வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்துவது உயிராபத்து. கண் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.)

நாம் பூனைகள் அல்ல. எமது உடல், கந்தகம் கொண்ட வேறு அமினோ அமிலங்களிலிருந்து டோரினைத் தானே ஆக்கிக்கொள்ளும். சோறும் பருப்பும் சேர்த்து உண்பவருக்கு அந்த மூலப்பொருள் கிடைக்கிறது. எள் அதனை இன்னும் கூட்டும். கைக்குழந்தைகளுக்கோ அவ்வாறு ஆக்கும் திறன் குறைவு. தாய்ப்பாலில் டோரின் தாராளமாக உண்டு, பசுப்பாலில் மிகக் குறைவு. இடம்பெயர்ந்த இடத்தில் தாய் மெலிந்திருக்கிறாள் என்று பாலூட்டலை நிறுத்திப் புட்டிக்கு மாறுவது எத்தனை பெரிய இழப்பு என்பதற்கு இதுவும் ஒரு சான்று. தாய்க்கு உணவு கொடுங்கள். பிள்ளைக்குத் தாய் கொடுப்பாள்.

உலர் உணவுப் பங்கீட்டின் அரிசி, மா, சீனியில் டோரின் இல்லையென்றே சொல்லலாம். தாவர உணவுகளில் அது அரிது. மட்டி, கணவாய், நண்டு, இறால், மீன் ஆகியவற்றில் நிறைய உண்டு. விலை கூடிய மீன்தான் வேண்டுமென்றில்லை. டோரின் நீரில் கரையும் ஆதலால் அவித்த நீரை ஊற்றிவிட்டால் அதுவும் போய்விடும். சட்டியில் உள்ள அனைத்தையும் கரைத்துக் குடிக்கும் எமது கூழ் இந்த வகையில் கெட்டிக்காரச் சமையல்.

டோரின் சேர்த்த தகரப்பேணிப் பானங்களைக் கண்ணுக்காக வாங்குவது வீண்செலவு. அவற்றில் பெரும்பாலும் சீனியும் கபேனுமே மிஞ்சும். நல்ல உடல்நிலையில் உள்ளவரின் கண்ணை டோரின் குளிசை வெயிலிலிருந்து காக்கும் என்பதற்கும் நிரூபணம் இல்லை. பொழுதுபட்டதும் பிள்ளை தட்டுத் தடுமாறினால் அது பெரும்பாலும் விற்றமின் ஏ குறைவு. முருங்கையிலை, பப்பாப்பழம், முட்டை கொடுப்பதோடு வைத்தியரிடமும் காட்டவேண்டும்.

சூரியனை நேரே நோக்கினால் டோரின் நிறைந்த விழித்திரையும் சில நிமிடங்களில் கருகும். அந்தக் காயத்தில் வலி தெரியாது என்பதே அதன் கொடுமை. 2019 டிசம்பர் 26இல் வடக்கில் கங்கண சூரிய கிரகணம் தென்பட்டது. இனியொரு கிரகணம் வரும்போது புகைபிடித்த கண்ணாடியையோ எக்ஸ்ரே படத்தையோ பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அவை வெளிச்சத்தை மங்கச் செய்யுமேயன்றிக் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களைத் தடுக்கமாட்டா. வயலுக்குப் போகும்போது விளிம்பு அகன்ற தொப்பியோ பனையோலைக் குல்லாவோ போதும்.